கோப்ரல் நல்லசாமி நாள்

கோடு போட்ட தாள் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சலாவுதீன். கோடு இல்லாத தாளில் என் எழுத்து வலப்பக்கம் கொஞ்சம் மேலே ஏறிவிடும். முப்பத்தொரு வருஷம் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாகக் கணக்கு எழுதியும் அது மட்டும் திருந்தவில்லை. தமிழிலேயே எழுதித் தருகிறேன் என்று கேட்டதும் மறுக்காமல் சரி என்றீர்கள். அதற்கும் நன்றி. இதை மலாயில் பெயர்க்கப் போகிறவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் நிதானமாக எழுதுவது திமிரினால் அல்ல. எதையும் வரிசையாகச் சொல்லிப் பழகியவன், அவ்வளவுதான்.

என் பெயர் அழகேசன். வயது ஐம்பத்து மூன்று. அசாம் ஜாவா ஊருக்கு அப்பால் இருக்கும் ஆறாங்கட்டைத் தோட்டத்தில் பெரிய கிராணி. நீங்கள் இந்த வட்டாரத்துக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அதனால் எங்கள் 'கோப்ரல் நல்லசாமி நாள்' விழாவை நீங்கள் பார்த்திருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இருபத்தொன்றாம் தேதி நடக்கும். எண்பத்து மூன்றில் ஆரம்பித்தோம். ஐந்து முறை நடத்திவிட்டோம். 'நடத்திவிட்டோம்' என்று எழுதுவது அடக்கத்துக்காக. நடத்தியவன் நான்.

காலையில் பாரிட் கரையில் மாலை வைப்போம். தோட்டத்துத் தண்ணீரெல்லாம் வடிந்து ஆற்றுக்குப் போகிற பெரிய கால்வாய் அது. கரையில் இரண்டு நிமிஷம் மௌனம். அதன்பின் பள்ளித் திடலில் சாக்கு ஓட்டம், கயிறு இழுத்தல், பெண்களுக்குத் தேங்காய் துருவும் போட்டி. மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு வருஷா வருஷம் ஒன்றுதான்: 'கோப்ரல் நல்லசாமியின் தியாகம்'. எல்லாக் கட்டுரைகளையும் நானே சிவப்புப் பேனாவால் திருத்துவேன். மதியம் பிரியாணி. அசாம் ஜாவா சாப்பாட்டுக் கடை பாவா ஒரு காசு வாங்காமல் ஆக்கிப் போடுவார். முதல் வருஷம் நான் கேட்கப் போனபோது அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"நம்ம கடையில ஒக்காந்து டீ குடிச்ச மனுஷன்லா. நான் செய்யாம வேற யாரு செய்வா? நீங்க போயி பந்தலப் பாருங்க ஐயா."

சாப்பாட்டுக்கு முன்னால் என் உரை. இருபத்திரண்டு நிமிஷம். பதினாறாவது நிமிஷத்தில் முன்வரிசையில் அழ ஆரம்பிப்பார்கள். அந்த நேரம் பார்த்து நானும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பேன். நல்லசாமியின் மனைவி நவமணிக்கு மேடையில் ஒரு சேலை போர்த்துவோம். நிறம் பார்த்து வாங்குவதும் நான்தான். அந்தப் பெண்ணுக்கு ஊதாதான் எடுப்பாக இருக்கும்.

உரையில் நான் சொல்லும் கதை இதுதான். எண்பத்திரண்டு நவம்பர் இருபத்தொன்று, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி. மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆற்றில் கடல்நீர் ஏறியிருந்ததால் மதகை மூடியிருந்தார்கள். பாரிட்டில் தண்ணீர் கரை முட்ட நின்றது. கிராணி அழகேசன் மதகுப் பலகையில் கால் வைக்கும்போது வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். பக்கத்தில் இருந்த போலீஸ்காரர் கோப்ரல் நல்லசாமி, தனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் நினைக்காமல், காப்பாற்றக் குதித்தார். கிராணி பிழைத்துக்கொண்டார். கோப்ரல் போய்விட்டார்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளலாம். 'வழுக்கி' என்ற சொல்லில் மட்டும் கொஞ்சம் பேச இடமிருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சங்கடம் போன வருஷம் ஆரம்பித்தது. ஐந்தாம் ஆண்டு என்பதால் கொஞ்சம் பெரிதாகச் செய்யலாம் என்று நல்லசாமியின் படத்தைப் புதிதாகச் சட்டம் போட்டு, சம்பங்கி மாலை சாத்தி, கரை ஓரத்தில் நாற்காலி போட்டு வைத்திருந்தேன். மௌன அஞ்சலி நடந்துகொண்டிருந்தபோது திடீரென்று ஒரு காற்று. நாற்காலி சாய்ந்தது. படம் மாலையோடு தண்ணீரில் விழுந்து, முகம் மேலே பார்த்தபடி மதகை நோக்கிப் போக ஆரம்பித்தது. மௌன நேரம் என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் தலை குனிந்தபடியே கண்ணை மட்டும் படத்தோடு அனுப்பினார்கள்.

என் கால் என்னைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றியதுகூட எனக்கு நினைவில்லை. குதித்தேன், போனேன், மதகுக்கு நாலு முழம் இருக்கும்போது பிடித்தேன். நனைந்த படத்தை ஒரு கையால் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, மறு கையாலும் காலாலும் தண்ணீரைத் தள்ளிக் கரைக்கு வந்தேன். நன்றாகவே நீந்தினேன் என்று சொன்னார்கள். கை தட்டினார்கள். பாவா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து கை கொடுத்தார்.

"ஐயா, மீனு மாதிரில்லா போறீங்க."

நவமணி மட்டும் கை தட்டவில்லை. படத்தை வாங்கி முந்தானையால் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டுத்தான் கேட்டாள்.

"எப்பங்க ஐயா நீச்சல் கத்துக்கிட்டீங்க?"

"பிறகுதான் நவமணி. அன்றைக்குப் பட்ட பயத்தில்."

"எங்கிட்டுங்க?"

"போர்ட்டிக்சனில். கடற்கரையில்."

"சரிங்க ஐயா" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பினாள். "ஐயா லீவு எடுத்து வெளியூரு போயி நான் பாத்ததில்லியே, அதான் கேட்டேன்."

ஆனால் தோட்டம் என்னைச் சந்தேகப்படவில்லை, இன்ஸ்பெக்டர். அதுதான் வேடிக்கை. தோட்டம் வேறொரு கணக்குப் போட்டது. கிராணிக்கு எப்போதுமே நீச்சல் தெரிந்திருக்கிறது. அப்படியானால் கோப்ரல் அவரைக் காப்பாற்றக் குதித்த கதை பொய். அப்படியானால் கோப்ரல் எப்படித் தண்ணீருக்குள் போனார்? கள்ளுக்கடையிலிருந்து வரும்போது தவறி விழுந்திருப்பார். செத்தவர் மானம் போகக்கூடாது, விதவைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்க வேண்டும் என்று கிராணி ஐயா பெரிய மனது பண்ணி ஒரு கதை கட்டியிருக்கிறார். என் மேல் மரியாதை கூடிவிட்டது. தீபாவளிக்கு வழக்கத்தைவிட முறுக்கு அதிகமாக வந்தது.

நல்லசாமிக்குத்தான் மானம் போயிற்று. சாகும்வரை கள்ளு வாடையே ஆகாத மனிதர். அவர் பெயரைச் சொன்னால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பயல்கள் தள்ளாடி நடந்து காட்டினார்கள்.

போன வாரம் தோட்டத்து மனமகிழ் மன்றக் கூட்டம். புதுத் தலைவர், காட்டில் வேலை வாங்கும் மண்டோர் செல்லையா எழுந்து தொண்டையைச் செருமினார்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாது. கோப்ரலு நாளுன்னு சொன்னா சனம் சிரிக்குது. இந்த வருசம் சும்மா வெளையாட்டு விழான்னு போட்டுருவோம். படம் வேணாம், பேச்சு வேணாம். பிரியாணி மட்டும் இருக்கட்டும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பின்னால் நின்றுகொண்டிருந்த நவமணி முன்னே வந்தாள். எண்ணெய்ப்பனைக் காட்டு வேலையிலிருந்து நேராக வந்தவள். கையுறைகூடக் கழற்றவில்லை.

"என் வீட்டுக்காரரு வாயில ஒரு சொட்டுக் கள்ளு பட்டதில்ல. அவரு எப்பிடிச் செத்தாருன்னு கிராணி ஐயாவுக்குத் தெரியும். அங்க இருந்தது அவரு ஒருத்தருதான். ஐயா சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். நான் கண்ணாடியைத் துடைக்க எடுத்தேன். அவள் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தெரிந்தும் கொலைகாரன் என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் என்னிடம் கேட்டதெல்லாம் கணவனின் பெயர் ஒன்றைத்தான்.

அந்த நாள் என் கைப்பட உண்டானது. அது நின்றுபோகப் போகிறது, அதுவும் நான் நன்றாக நீந்தினேன் என்ற ஒரே காரணத்துக்காக. நாலு நாள் யோசித்தேன். நல்லசாமி எனக்காகத்தான் குதித்தார் என்று நிரூபிக்க ஒரே வழிதான் இருக்கிறது. நீச்சல் தெரிந்த நான் தண்ணீருக்குள் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இன்று காலை பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அதற்கு முன்னால் வேறொரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

நான் மொட்டைக் கடிதம் எழுதுவேன். எழுபதுகளின் நடுவிலிருந்து எழுதிவந்தேன். இடது கையால், அச்செழுத்துப் போல. கெட்ட எண்ணம் கிடையாது. மண்டோர் செல்லையா தலைக்கு மை அடிக்கிறார் என்று அவர் பெண் பார்க்கப் போன வீட்டுக்கு எழுதினேன். அவர் இன்றுவரை தனிக்கட்டைதான். ஆனால் மை அடிப்பதை விட்டுவிட்டார். கோயில் பூசாரி சர்க்கரைப் பொங்கலுக்கு வரும் முந்திரியை வீட்டுக்கு ஒதுக்குகிறார் என்று தலைவருக்கு எழுதினேன். அடுத்த பூசையில் பொங்கலைவிட முந்திரி அதிகமாக இருந்தது. நான் அவற்றைக் கடிதம் என்றே நினைக்கவில்லை. திருத்தம் என்று நினைத்தேன். சிவப்புப் பேனா போட முடியாத இடத்துக்கு வேறு என்ன செய்வது?

எண்பத்திரண்டு செப்டம்பரில் கலாவதி என்ற பெண்ணைப் பற்றி ஒன்று எழுதினேன். பத்தொன்பது வயது. சபாக்கில் ஒரு மெக்கானிக்குக்கு நிச்சயமாகியிருந்தது. அவள் லோரிக்காரனோடு நின்று பேசியதை என் அலுவலக ஜன்னலிலிருந்து இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவை என்பது உண்மை. என்ன பேசினாள் என்பது எனக்குக் கேட்கவில்லை, அதனால் அதை ஊகித்து எழுதினேன். சபாக்கில் இருந்த அக்காவுக்கு அவன் மூலம் ஊறுகாய் கொடுத்தனுப்பினாளாம். பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நிச்சயதார்த்தம் முறிந்து, அவள் ஸ்டோரிலிருந்த புல்மருந்தைக் குடித்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். சாவு வீட்டுக்குப் போனேன். உறவினருக்கெல்லாம் கருமாதிக் கடிதம் எழுத அவள் அப்பாவுக்குக் கை ஓடவில்லை. நான்தான் எழுதிக்கொடுத்தேன். வலது கையால்.

நல்லசாமி அப்போது சந்தியில் இருக்கும் சின்னப் போலீஸ் சாவடியில் கோப்ரல். சபாக் மாப்பிள்ளை வீட்டார் அந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் யாரையும் அதட்டவில்லை, விசாரிக்கவில்லை. ஆறு வாரம் கழித்து, நவம்பர் பதினெட்டாம் தேதி, மழைக்கோட்டோடு என் அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தார். பையிலிருந்து இரண்டு தாளை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று கலாவதி பற்றிய கடிதம். மற்றது அவரே எழுதிக் கூட்டுறவுக் கடையில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பு. 'மாடுகளை ரோட்டில் விட கூடாது' என்று எழுதியிருந்தார். 'விடக்கூடாது' என்று நான் சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தேன். கண்ணில் பட்டால் என்னால் சும்மா போக முடியாது.

"ஐயா, இந்தக் கடுதாசியப் பாருங்க" என்றார். "'லோரிக்காரனைப்'னு 'ப்' போட்டிருக்கு. 'பார்க்கப் போகிறாள்'னு அங்கயும் ஒரு 'ப்'. ரெண்டு பக்கம், ஒரு பெழ இல்ல. இந்தத் தோட்டத்துல இப்பிடி எழுதுறது நீங்க ஒருத்தருதாங்க."

உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை வருஷத்தில் அதைக் கவனித்த முதல் ஆள் அவர்.

"திங்கக்கெழம ரிப்போர்ட்டு எழுதணும். நானா எழுதுறதவிட நீங்களா வந்து சொன்னா ஒங்களுக்கு நல்லது. வயசுல மூத்தவரு. அந்தப் புள்ளையோட அப்பா கால்ல விழுந்து மன்னிப்பாவது கேளுங்க. நான் கூட வாரேன்."

இப்படித்தான் பேசினார். வெளியே போகும்போது வாசல் பள்ளத்தில் கணுக்கால் தண்ணீர் தேங்கியிருந்தது. அதைத் தாண்ட அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். "தண்ணியே நமக்கு ஆகாதுங்க ஐயா" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

என் அப்பா பாசிர் பெனாம்பாங்கில் படகில் வேலை செய்தவர். ஆறு வயதில் என்னை ஆற்றில் தூக்கிப் போட்டுக் கற்றுக்கொடுத்தார். தோட்டத்துக்கு வந்த இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. சனிக்கிழமை நல்லசாமிக்கு ஆள் அனுப்பினேன். மிச்சமிருக்கும் தாளையும் உறைகளையும் மதகுக் கொட்டகையில் ஒளித்து வைத்திருக்கிறேன், ஞாயிறு நாலு மணிக்கு வந்தால் எடுத்துக் கொடுத்துவிட்டு உங்களோடே வருகிறேன் என்று. அவர் சந்தோஷப்பட்டாராம்.

வந்தார். ஞாயிறானாலும் சீருடையில் வந்தார். நான் சொல்லி அனுப்பியதற்கு மரியாதை என்று நினைத்திருப்பார். எனக்கு முன்னால் பலகையில் ஏறத் தயங்கினார். "நீங்கள் இங்கேயே நில்லுங்கள், நான் எடுத்து வருகிறேன்" என்று நான் ஏறினேன். நடுவில் போய், காலைச் சாய்த்து, விழுந்தேன். நான் முன்னே சொன்ன 'வழுக்கி' இதுதான்.

இரண்டு முறை முங்கி எழுந்து, "நல்லசாமி, எனக்கு நீச்சல் தெரியாது" என்று கத்தினேன். அன்று நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். அதுவும் அவர் ஒருவரிடம் மட்டும்.

இங்கே நீங்கள் நியாயமாகப் பார்க்க வேண்டும். நான் அவரைத் தள்ளவில்லை. கரை இருந்தது, அவர் கரையில் நின்றார். கொட்டகையில் நீளக் கழி இருந்தது. அரை மைல் ஓடினால் லயத்தில் ஆள் இருந்தது. நான் மூழ்கட்டும் என்று விட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள், கலாவதி வழக்கும் அதோடு தீர்ந்திருக்கும். சுயநலக்காரர் ஒருவர் அன்றைக்கு உயிரோடு வீட்டுக்குப் போயிருப்பார். நல்லசாமி தொப்பியைக் கழற்றி மதகுச் சுவரில், ஈரமில்லாத இடமாகப் பார்த்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு குதித்தார். பூட்ஸைக் கழற்றவில்லை.

கைகால் உதைத்து எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்தார். தண்ணீர் குடித்திருந்தார். என் சட்டையைப் பிடித்துக் கரைப்பக்கம் தள்ளப் பார்த்தார். என்னைத் தள்ளும்போதெல்லாம் அவர் கீழே போனார். மேலே வந்தபோது பேசினார்.

"பயப்படாதீங்க ஐயா. என்னயப் புடிச்சுக்குங்க."

பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து, அவரோடு கீழே போனேன். எனக்கு மூச்சடக்கும் பழக்கம் உண்டு. முதலில் அவர் என்னை மேலே தூக்கத்தான் பார்த்தார். அடியில் சேறு தட்டிய பிறகுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். என் விரலைப் பிரிக்க முயன்றார். அவர் உடம்பு அடங்கும்வரை நான் பிடியை விடவில்லை. மேலே வந்து, கரையேறி, தொப்பியை எடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே லயத்துக்கு ஓடினேன். அழுகை உண்மையான அழுகை.

அவ்வளவுதான். எனக்கு எந்தத் தண்டனை ஆனாலும் சம்மதம். இருபத்தொன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. இந்தத் தாளைச் செல்லையாவிடம் காட்டுங்கள். கோப்ரல் குடித்திருக்கவில்லை, தவறி விழவில்லை, இன்னொருவர் உயிருக்காகவே குதித்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. நவமணியிடமும் காட்டுங்கள். சேலை வாங்கி வீட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன், ஊதாவிலேயே வேறு சாயல். யாராவது எடுத்துக் கொடுத்துவிட வேண்டும்.

அவள் என்னைத் திட்டுவாள். திட்டட்டும். ஆனால் கோபம் ஆறிய பிறகு ஒன்றை அவளே யோசித்துப் பார்ப்பாள் என்று நம்புகிறேன். அன்று நல்லசாமி கரையேறியிருந்தால் இன்றைக்கு ஓய்வை நெருங்கி, பாவா கடையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும் ஒரு சாதாரண ஆள். அந்த மனிதருக்கு நான் எவ்வளவு செய்திருக்கிறேன்.